கழற்றிக்கொண்டு போன கதவு

"கதவ எங்கண்ணே கொண்டுபோய் வச்சீங்க?"

"கரையான்மா. ரிப்பேருக்குப் போயிருக்கு."

"நேத்துவரைக்கும் இல்லாத கரையான், நான் கடைக்குப் போன நேரம் பாத்து வந்துச்சா?"

தையல்கார அக்கா போட்ட சத்தத்தில் தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் நான் மட்டும் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், காலையில் ஊற்றிய அதே செடிக்கு.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரருக்கு, மகன் கல்யாணத்துக்குள் அக்கா குடியிருக்கும் கீழ்வீடு காலியாக வேண்டும். முறையாக நோட்டீஸ் அனுப்பினார். கெடு முடிந்ததும் வழக்குப் போட்டார். கையில் வாங்காத காகிதம் செல்லாது என்பது அக்காவின் சட்டம். தபால்காரர் தலை தெரிந்தாலே மெஷினை நிறுத்திவிட்டு, மகளோடு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பாள். கோர்ட் ஆள் சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். ஒட்டினால் கொடுத்த கணக்குத்தான். அவள் போகாமலே தீர்ப்பாகிவிட்டது. அதை நிறைவேற்ற இன்னொரு மனு, இன்னொரு நோட்டீஸ். அதுவரை வீட்டுக்காரருக்குப் பொறுமை இல்லை; கதவையே கழற்றிவிட்டார்.

பொழுது சாயச் சாய அக்காவின் குரல் இறங்கியது. வாசலில் போர்வையைத் தொங்கவிட்டு, மெஷினைக் குறுக்கே இழுத்துப் போட்டாள். போர்வை அசையும்போதெல்லாம் வயசுப்பெண்ணான மகள் கத்திரிக்கோலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எங்க வீட்ல வந்து படுங்களேன்" என்றேன்.

"வெளிய வந்தா, திரும்ப உள்ள விடுவாரா?"

நான் மறுபடியும் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

மறுநாள் கோர்ட் ஆள் பசையும் நோட்டீசுமாக வந்து நின்றார். ஒளிந்துகொள்ள இந்த முறை கதவே இல்லை. அக்கா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"எதுலம்மா ஒட்டறது?"

அவள் மாடியைக் காட்டினாள்.

"சுவத்துல ஒட்டுங்க சார். தீர்ப்பு எனக்குத்தானே" என்றார் வீட்டுக்காரர், படியில் நின்றபடி.

"தீர்ப்பு உங்களுக்குத்தான். காலி பண்ண வைக்கறது கோர்ட் வேலை. உங்கள யாரு கதவுல கை வைக்கச் சொன்னா?"

கோர்ட் ஆள் பார்த்ததை அப்படியே எழுதிக்கொண்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்டது யாரென்று கேட்காதீர்கள்.

அந்த அறிக்கையோடு அக்கா முதல்முறை கோர்ட் படி ஏறினாள். துணைக்கு நானும் போனேன். வேடிக்கைக்கு என்று வையுங்கள். நீதிபதி வீட்டுக்காரரைக் கடிந்து, உடனே கதவை மாட்டச் சொன்னார். வேறு வீடு பார்க்க அக்காவுக்கு அவகாசமும் கொடுத்தார்.

வீட்டுக்காரர் மகன் கல்யாணம் முடிந்ததும் மாமனார் ஊரோடு போய்விட்டான். கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. அக்கா, நீதிபதி சொன்ன கெடுவுக்குள் காலி செய்து, இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டாள். அங்கே நல்ல கனமான கதவு, இரண்டு தாழ்ப்பாள். மகள் இன்றும் மெஷினை அதற்குக் குறுக்கே இழுத்துப் போட்டுவிட்டுத்தான் தைக்க உட்காருகிறாள்.