புளி போட்டுத் தேய்த்த எஞ்சின்

வள்ளிநாயகி அக்காவுக்கு ஒரு வேலை செய்து கொடுப்பதைவிடத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகலாம் என்று ஆனந்தராஜாவுக்குத் தோன்றாத நாளே அந்த வருஷத்தில் இல்லை.

வேலை என்னவோ சின்னதுதான். உள்ளங்கையில் அடங்கிவிடும் டீசல் எஞ்சின். லேசான பலகையும் காகிதமும் ஒட்டிச் செய்து, கம்பியில் கட்டி வட்டமாகப் பறக்கவிடுவார்களே, அந்த மாதிரி விமானத்துக்கானது. அக்காவின் கணவர் விநாசித்தம்பி அத்தான் கல்யாணமான புதிதில் வாங்கியது. விமானங்கள் ஒவ்வொன்றாக விழுந்து நொறுங்கின. எஞ்சின் மட்டும் தப்பிப் பிழைத்தது. அத்தான் அதைப் பின்வாசலில் ஒரு பலகையில் திருகாணியால் முடுக்கி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சும்மா ஓட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். சுங்கை பினாங்கில் அந்த வரிசை வீடு முழுக்கக் காதைப் பொத்திக்கொள்ளும். அக்கா கரண்டியும் கையுமாக வெளியே வருவாள்.

"இஞ்சாருங்கோ, காணும், நிப்பாட்டுங்கோ."

குடும்பத்தின் யாழ்ப்பாணப் பேச்சு பினாங்கில் எப்போதோ கரைந்துபோயிருந்தது. புருஷனை 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிடவும், போதும் என்பதற்குக் 'காணும்' என்று சொல்லவும் மட்டும் அக்கா தன் அம்மாவின் பேச்சையே வைத்திருந்தாள். அத்தானோ காது கேளாதவர்போல் இன்னும் கொஞ்சம் ஓடவிட்டு, அக்கா இரண்டாம் முறை கத்திய பிறகுதான் நிறுத்துவார். கடைசியில் எஞ்சின் தேய்ந்து, ஓட மறுத்து, பிஸ்கட் டின்னுக்குள் போனது. அத்தானும் போய்ச் சேர்ந்தார்.

பழைய எஞ்சின்களைத் தட்டியெழுப்புவது ஆனந்தராஜாவின் பொழுதுபோக்கு. அது ஊருக்குத் தெரிந்ததுதான் வினை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு அக்கா பிஸ்கட் டின்னை நீட்டினாள்.

"ஆட்டைத் திவசத்துக்குள்ள, வருஷம் திரும்புறதுக்குள்ள, இது ஓடணும் தம்பி. அது முடிஞ்சதும் வீட்டைக் காலி பண்ணிட்டு ஈப்போவுக்கு மக வீட்டுக்குப் போயிடுவேன். அங்க யாரு எனக்கு இதைப் போட்டுக் காட்டுவா?"

"அத்தான் இருந்தப்ப இந்தச் சத்தத்தைத் திட்டித் தீர்த்தீங்களேக்கா."

"அது அப்ப லா. எனக்கு ஒரு வாட்டி கேக்கணும்."

ஆனந்தராஜா டின்னை வாங்கிக்கொண்டார்.

உள்ளே பழைய விளக்கெண்ணெய் காய்ந்து அரக்காக இறுகியிருந்தது. கார் ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை நிறத் திரவத்தில் போட்டு மெல்லிய தீயில் வேகவைத்தால் இளகும். தன் வீட்டு அடுப்பில் அதைச் செய்ய மனைவி விடாததால் அக்கா வீட்டு அடுப்பில் செய்தார். அதுதான் முதல் தப்பு. அக்கா மூடியைத் திறந்து திறந்து பார்த்து, "வெந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் தேய்ந்து தொளதொளவென்று கிடந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் லேத்து வைத்திருந்த அலாவுதீனிடம் புதுப் பிஸ்டன் கடையச் சொன்னார். ஒன்று பெரிதாக வந்தது, அடுத்தது சிறிதாக வந்தது. தலைமுடி கனம்கூட இடைவெளி இருக்கக் கூடாத இடம். சரியானது கிடைத்து, அதை சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு இழைத்து இழைத்துப் பொருத்தி முடிப்பதற்குள் வருஷம் ஓடிவிட்டது. இடையில் அக்கா தினமும் போன் செய்து, நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வந்துவிட்டதா என்று கேட்பதுபோல் கேட்டாள். ஓட்டிப் பார்க்கவாவது விட்டாளா என்றால் அதுவும் இல்லை. "நான் இல்லாம ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்று கட்டளை வேறு.

திவசத்துக்கு முந்தின நாள் எஞ்சினைக் கொண்டுபோய் அக்கா வீட்டு மேசைமேல் வைத்துவிட்டு, சாமான் வாங்கப் பாசாருக்குப் போனார். திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது. பின்வாசலில் குத்துவிளக்குகள் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே, எல்லாவற்றையும்விடப் பளபளப்பாக, எஞ்சினும் காய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, என்ன பண்ணீங்க?"

"நாளைக்கு அத்தான் படத்துக்கு முன்னாடி வைக்கணும்ல. அவர் ஆசைப்பட்டதையெல்லாம் படைக்கிறோம், இதைக் கறுப்பாவா வைக்கிறது? விளக்கோட சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சேன்."

"சாம்பலா?"

"உள்ளுக்கும் அழுக்கு இருக்குமேன்னு அந்தக் காத்தாடியைச் சுத்திச் சுத்தித் தேச்சேன். அப்புறம் பைப்புல பிடிச்சுக் கழுவினேன்."

ஆனந்தராஜா தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். சித்தி ஹாஜரா என்ற பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள்.

கழற்றினார். பிஸ்டன் முழுக்கக் கீறல். பல மாதம் இழைத்ததை அக்கா அரை மணியில் அராவி வைத்திருந்தாள். மண்ணெண்ணெயில் அலசி, மறுபடி பூட்டி, புரோப்பெல்லரைத் திருப்பினால் கொஞ்சமும் எதிர்ப்பு இல்லை. உள்ளே காற்றை நெருக்கும் அமுக்கம் இல்லாமல் டீசல் எஞ்சின் எப்படிப் பற்றும்? அக்காவைக் கண்டபடி திட்டினார். மீதியைத் திவசம் முடிந்ததும் திட்டுவதென்று மனசுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டார். அக்கா குத்துவிளக்குகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஐயர் வந்து போனார். படையல் முடிந்தது, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். ஆனந்தராஜா எஞ்சினைப் படத்துக்கு முன்னாலிருந்து எடுத்துப்போய் அத்தானின் பலகையில் முடுக்கினார். ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. கெட்டியான விளக்கெண்ணெயைப் பக்கத் துவாரம் வழியாக உள்ளே விட்டால், அது கீறல்களை அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அமுக்கம் கொடுக்கும். சூடேறி எண்ணெய் இளகியதும் எஞ்சின் நின்றுவிடும். அவ்வளவு ஓடினாலும் போதும் என்று விட்டார்.

விரலால் சுண்டினார். ஒன்றுமில்லை. மேலே இருந்த திருகை இறுக்கிச் சுண்டினார். புரோப்பெல்லர் திருப்பி விரலில் அறைந்தது. அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலையா தம்பி?"

"புளி ரசம் குடிச்ச எஞ்சின் எப்படிக்கா வரும்?"

சுண்டிச் சுண்டி விரல் கன்றிப்போனது. அக்கா பெருமூச்சு விட்டாள்.

"விடு தம்பி. நான்தான் கெடுத்துட்டேன். கையைக் கழுவிட்டு வா, சோறு போடுறேன்."

உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சனியன் பிடித்ததே என்று ஆனந்தராஜா ஆத்திரத்தோடு கடைசியாக ஒரு சுண்டு சுண்டினார்.

பற்றிக்கொண்டது.

வீச்சென்று கிளம்பிய சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நீலப் புகையும் விளக்கெண்ணெய் வாடையும் பின்வாசலை நிறைத்தன. கரண்டியும் கையுமாக அக்கா ஓடி வந்தாள். முகத்தில் பழைய கோபம் அப்படியே இருந்தது.

"இஞ்சாருங்கோ, காணும், நிப்பாட்டுங்கோ."

ஒரு வருஷமாக யாரையும் கூப்பிடாத சொல் அது. எஞ்சினோ அந்த நேரம் பார்த்து இளைத்தது. சத்தம் இறங்கி, இருமி, நின்றது. புரோப்பெல்லர் ஒருமுறை ஆடி அடங்கியது. எண்ணெய் இளகிவிட்டது என்று அவருக்குத் தெரியும். சாம்பல் தின்ற பிஸ்டன் இதற்கு மேல் தாங்காது என்றும் தெரியும். சேர்த்து வைத்திருந்த திட்டு அத்தனையும் நாக்கு நுனிவரை வந்தது.

அக்கா கரண்டியை இறக்கினாள். நின்றுபோன எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளும் சொன்ன உடனே கேட்டதில்ல அந்த மனுசன்," என்றாள். "இன்னைக்குன்னு பார்த்துக் கேட்டுட்டார்."

ஆனந்தராஜா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.