மஞ்சள் தொட்ட கடுதாசி

மாரிசெல்வம் பாஸ்போர்ட்டை டிராயர் பைக்குள் வைத்து ஊக்குக் குத்திக்கொண்டிருந்தபோது, விமானத்தில் கக்கூஸுக்குப் போகவே கூடாது என்று அவன் தாத்தா ஐயம்பெருமாள் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே வயலில் நிற்கிறவன் தலையில் விழுமாம். தூத்துக்குடிக்கு ஒருதரம் ரயிலில் போய்வந்ததுதான் அவர் செய்த பிரயாணம். புத்தியெல்லாம் அதிலிருந்தே வந்தது. யார் தண்ணீர் தந்தாலும் வாங்காதே, வரிசையில் முதல் ஆளாக நிற்காதே, அரபிக்காரன் ஏசினால் தலையைக் குனிந்துகொள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு வருஷம் முடியாமல் ஊர்ப்பக்கம் திரும்பாதே. நடுவில் வந்தால் வேலை போய்விடும் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தான். அது தொண்ணூற்று மூன்று, சித்திரை மாதம். ஏரலில் அவர்களுக்கு அடுத்த வீடு என்னுடையது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அந்தக் கிழவனும் கிழவியும்தான் ஆளாக்கினார்கள்.

ஆச்சி இசக்கித்தாய்க்கு வேறு கவலை. பேரனின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏலே மூதி, இங்கன பாரு. கடுதாசி மூலையில மஞ்சள் இருந்தா எல்லாரும் சொகம். பேசாம வேலையப் பாரு. மஞ்சள் இல்லைன்னா துட்டின்னு வச்சுக்க. வெளிய நின்னு வாசிச்சு, அங்கனயே கிழிச்சுப் போட்டுட்டுப் பொறப்பட்டு வா. சாவுக் கடுதாசிய இருக்க எடத்துக்குள்ள வைக்கப்படாது. எனக்கு நெய்ப்பந்தம் நீதான் பிடிக்கணும். வேற எவனும் பிடிச்சான்னா எந்திரிச்சு உக்காந்துருவேன்."

செத்த ஆச்சிக்குப் பாடையோரம் பேரன் பிடிக்கிற பந்தம் அது. ஊருக்குப் புறப்படுகிறவனிடம் பேசுகிற பேச்சா என்று தாத்தா அதட்டினார். அவன் சிரித்தான்.

ஆச்சிக்காகக் கடுதாசி எழுதினது நான்தான். நான் பள்ளிக்கூடம் போனதில்லை, வேதப்புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தே எழுதப் படித்தவள். ஆச்சி சொல்லச் சொல்ல எழுதுவேன். ஒவ்வொன்றும் 'ஏலே மூதி' என்றுதான் ஆரம்பிக்கும். கொஞ்சம் மரியாதையாக எழுதட்டுமா அக்கா என்றால், "அவனுக்கு என்னைய அடையாளம் தெரிய வேண்டாமா?" என்பாள். எழுதி முடித்ததும் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் அவளே தொட்டு வைப்பாள். அப்படி நாலு கடுதாசி போயிற்று.

ஐப்பசி மழையில், முற்றத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். பங்காளி வீட்டுப் பேரன் ஒருவன் பந்தம் பிடித்தான். தூறலில் அது அணைந்து அணைந்து போனது. அவள் எழுந்து உட்காரவில்லை.

நாலாம் நாள் காலையில் ஐயம்பெருமாள் ஏர்மெயில் தாளோடு என் வீட்டுக்கு வந்தார். இன்னொரு கையில் சிரட்டை. அதில் குழைத்த மஞ்சள்.

"அவ சொல்லுத மாதிரியே எழுது சாரம்மா. பய பாதியில வந்து என்னத்தக் காணப் போறான்? சாம்பல ஆத்துல கரைச்சாச்சு."

பொய் எழுதமாட்டேன் என்றேன். அவர் போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டு நான் பேனாவை எடுத்தேன். செத்தவள் வாயில் ஏச்சை வைக்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை. 'என் ராசா, உடம்பைப் பார்த்துக்கொள்' என்று தொடங்கினேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் செத்த பிறகு அப்படிப் போனது மொத்தம் பதினொரு கடுதாசி. அவனிடமிருந்தும் பதில் வந்துகொண்டிருந்தது. ஆச்சியின் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்பதை அவன் எப்போதோ விட்டிருந்தான். பொய் சொல்வது லேசாயிற்று என்று நானும் அதைக் கவனியாமல் இருந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து வந்து இறங்கினான். அன்று விடியவே தாத்தா, மாலை போட்ட ஆச்சி போட்டோவைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, பையச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையும் அழைத்திருந்தார். அவன் பெட்டியைத் திறந்தான். தாத்தாவுக்குக் கம்பளி, எனக்குத் தைலப் பாட்டில். ஆச்சிக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை. அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பவும் இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

"தெரியும் பெரியம்மை" என்றான். "அஞ்சாவது கடுதாசியிலயே தெரியும். ஆச்சி என்னைக்கு என்னைய ராசான்னு கூப்பிட்டா?"

ஐயம்பெருமாள் கம்பளியைக் கீழே வைத்தார். "தெரிஞ்சும் ஏம்லே வரல?"

"மஞ்சள் இருந்திச்சில்லா தாத்தா. வராதன்னுதான தடவுனிய."

பெட்டியின் அடியிலிருந்து ரப்பர் போட்ட கடுதாசிகளை எடுத்துத் தாத்தா மடியில் வைத்தான். நாலுதான் இருந்தன, நாலும் 'ஏலே மூதி' என்று ஆரம்பிக்கிறவை. மற்றது எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனான்.

எழுத்துத் தெரியாத ஐயம்பெருமாள் ஒவ்வொரு தாளையும் விரித்து, மூலைகளைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். மஞ்சள் வெளுத்து, இருந்த இடமே தெரியவில்லை. விரலை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தடவினார்.