இல்லை என்றால் கொசுவலை

கணக்கெடுப்பில் முதல் கேள்வியே பெயர்தான். அன்று அதைக் கேட்கத்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

மாமல்லபுரம் தாண்டி ஒரு மீனவக் குப்பம். நான் ஊரப்பாக்கத்திலிருந்து வந்த சுகாதாரக் கணக்கெடுப்புக்காரி, ஜெசிந்தா. எதிரே உட்கார்ந்திருந்தவளை ஒன்றரை வருடமாகத் தெரியும். செங்கல்பட்டில் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னாலோ பின்னாலோ நிற்பாள். ஆமாம், நானும் அந்த வரிசைதான். அங்கே யாரும் யாரிடமும் ஊர் பேர் கேட்பதில்லை. நாலு மாதமாக அவளைக் காணவில்லை.

"யோகேஸ்வரி," என்றாள், என்னை முன்பின் பார்த்தறியாதவள் மாதிரி. கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

தனியாகத்தான் கேட்க வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர்கள் ஒற்றை அறை வீட்டைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. மாமியார் ஆதியம்மாளை வெளியே இருக்கச் சொன்னேன். வாசலுக்கு நகர்ந்து, காதை மட்டும் உள்ளே விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எளச்சிகினே போறா மேடம். மந்திரிச்சி கயிறுகூட கட்டியாச்சி. அப்டியேதான் கீறா," என்றாள் அங்கிருந்தே.

கையிலிருந்த டேப்லெட் திரையில் அந்தக் கேள்வி வந்தது. குரலைத் தாழ்த்தினேன். "உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்குதுன்னு டாக்டர் யாராவது சொல்லியிருக்காங்களா?"

"இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். மறைக்கச் சோறு போட்டவள் நான். அவள் சொன்னபடியே திரையில் 'இல்லை'யைத் தொட்டதும், மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற அடுத்த கேள்வி வரவே இல்லை. அதைக் கேட்டிருந்தால் 'இல்லை' என்று உண்மையையே சொல்லியிருப்பாள். டேப் நேராகத் தாவி, வீட்டில் கொசுவலை உண்டா என்று கேட்டது. உண்டாம்.

விரலில் குத்தி ரத்தத்தை அட்டையில் எடுத்தேன். ஆய்வகத்தில் அது உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் அட்டையில் பெயர் கிடையாது, எண்தான். எத்தனை பேர் பொய் சொன்னார்கள் என்று கணக்கு வரும். எவள் சாகிறாள் என்று வராது. எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாப்பைக் காட்டுகிறேன் என்று அவளும் கூட வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். "ஏன் வர்றதில்ல?"

"மாசா மாசம் செங்கல்பட்டுல இன்னா வேலன்னு அத்த கேக்குது. நானும் வரேன்னு கெளம்புது. நான் இன்னான்னு சொல்ல?"

"மாத்திர இல்லாம செத்துப்போவ, தெரியுமா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உண்மைய சொல்லிடு. இன்னா பண்ணிடுவாங்க?"

அவள் நின்றுவிட்டாள். "உன் வூட்ல சொல்லிட்டியாக்கா?"

நான் இருப்பது அண்ணன் ஜெபசிங் வீட்டில். அவர்களைப் பொறுத்தவரை மாதாமாதம் செங்கல்பட்டில் எனக்கு ஆபீஸ் மீட்டிங்.

"சொல்லிட்டேன்," என்றேன். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் சொன்னேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனுக்கு நல்ல வூடு வாய்ச்சிகீது," என்றாள். "எனுக்கு அப்டி இல்லக்கா."

திரும்பி நடந்தாள். கூப்பிட்டேன், நிற்கவில்லை. நானும் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ரெண்டு பேரும் சேர்ந்து அவள் மாமியாருக்கு ஒரு நல்ல பொய்யாகக் கண்டுபிடித்திருக்கலாம்.