இரண்டு ஊரில் பெயர் இருந்த தங்கப்பாண்டி

மங்களூரிலிருந்து லீவுக்கு உப்பூர் வந்து சேர்ந்த தங்கப்பாண்டி, தன் வீட்டில் தங்கப்பாண்டி சோறு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தான். கருவாட்டுக் குழம்பு. அதே மூக்கு, அதே வழுக்கை. கைகளில் மட்டும் சிமெண்டுப் புண் இல்லை. நடந்தது இதுதான். கட்டட மேஸ்திரி தன் ஆட்கள் எல்லோரையும் மங்களூர் வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிட்டிருந்தார். இங்கே உப்பூர்ப் பட்டியலைச் சரிபார்க்க அங்கன்வாடி டீச்சர் ஜோதிகா வந்து, "ஒங்க வீட்டுக்காரரு இங்கன இருக்காரா?" என்று கேட்டபோது விளக்கு வைக்கும் நேரம். அந்த நேரத்தில் அடுப்படியில் உப்புத் தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்லாத ஊர். புருஷனை எப்படிச் சொல்வது? அவன் மனைவி முருகலட்சுமி, "இருக்காரு" என்றாள். டீச்சர் டிக் அடித்தார். வீட்டுக்குள்ளிருந்து ஒருவன் இருமினான். போய்ப் பார்த்தால் அவன்தான்.

அன்றிலிருந்து அவன் இருந்தான். குண்டு மிளகாய் போட்டான், ஆடு குட்டி போடும்போது கூட நின்றான், மகள் மாரிச்செல்வியைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டான். இதைப் போனில் எந்த இடத்தில் தொடங்கிச் சொல்வதென்று முருகலட்சுமிக்குப் பிடிபடவில்லை. அப்பாவை அய்யா என்று கூப்பிடும் மகளுக்குக் குழப்பமே இல்லை. அவன் 'இருக்குற அய்யா', இவன் 'வார அய்யா'. அதைக் கேட்டதும் மங்களூர்க்காரன் சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிட்டான். தன் வீட்டில் தான் யார் என்று யாரிடம் போய்க் கேட்பது?

லீவு முடிவதற்குள் டீச்சர் மறுபடி வந்தார். "ரெண்டு மாநிலத்துலயும் ஒரே ஆளுன்னு வருதுண்ணே. ஒரு பேர எடுக்கணும். எங்கன குடியிருக்கீங்களோ அங்கனதான் ஓட்டு."

"நான் மங்களூர்லதான் கெடக்கேன்" என்றான் வந்தவன்.

"நான் இங்கனதான இருக்கேன்" என்றான் இருந்தவன்.

இரண்டும் பொய்யில்லை. டீச்சர் பேனாவைக் கடித்தார். "யாராச்சும் ஒருத்தரு சொல்லுங்கண்ணே, தெரு முழுக்கக் கெடக்கு எனக்கு."

உப்பூரை எடுத்தால் பிள்ளையோடு இருக்கிறவன் போய்விடுவான்; மங்களூரை எடுத்தால் தானே கரைந்துவிடுவோம். வந்தவனுக்கு அப்படித்தான் பட்டது. பிள்ளை மற்றவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "மங்களூர எடுத்துருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

திறந்தபோது இருவரும் இருந்தார்கள். மற்றவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். "நீ ரொம்ப அசந்து போயிருக்க. இந்தத் தடவ நான் போயிட்டு வாரேன். களைன்னு நெனச்சு மொளகாச் செடியப் புடுங்கிராத."

பிடுங்கினான். "நேத்து வரைக்கும் தெரிஞ்சுச்சுல்ல ஒங்களுக்கு!" என்று முருகலட்சுமி ஏசினாள். மங்களூரில் மேஸ்திரிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

தேர்தலன்று தங்கப்பாண்டி மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தான். சாயங்காலம் மங்களூரிலிருந்து போன். சாரத்தில் நின்றவன் விரலில் தன்னால் மை ஏறிவிட்டதாம், சோப்புப் போட்டும் போகவில்லையாம்.

"தேய்க்காத. நகம் வளர வளரப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, தங்கப்பாண்டி மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சப் போனான்.