நாலு விரல் உள்ளே

...பிடித்துப் பார் என்றுதான் சொன்னார், ஓட்டிப் பார் என்று சொல்லவில்லை, ஓட்டத் தெரியாதவளிடம் எப்படிச் சொல்வார், மூன்று விஷயம் பார்த்தால் போதும் என்று காலையில் டீ டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார், ஒன்று, திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரணும், இரண்டு, ரோட்டு மேடுபள்ளம் கையில் தெரியணும், மூன்று, பிரேக் பிடிக்கப் பிடிக்க ஏறணும், டக்குனு நின்னா அது பிரேக் இல்ல, செவுரு... ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அறிவுச்செல்வி அந்த மூன்றையும் உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள், பக்கத்து சீட்டு அம்மா ஏதோ ஜெபம் என்று நினைத்துப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டது, ஜெபம்தான், இல்லை என்று எப்படிச் சொல்வது, மில்லுக்கு லீவு போட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு ஸ்டியரிங் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் அந்த அம்மா நம்புமா, இவளே நேற்று வரை நம்பவில்லை.

இருபத்திரண்டு படி. கடை மாடிக்கு எண்ணிக்கொண்டேதான் ஏறினாள், மூன்று வருஷமாக அப்படி ஆகிவிட்டது, ஆஸ்பத்திரி, பாங்க், தாலுகா ஆபீஸ், கல்யாண மண்டபம், எங்கே போனாலும் முதலில் படிதான் கண்ணில் படுகிறது, இருபத்திரண்டு படி என்றால் புருஷன் ஆனந்த்ராஜ் ஜென்மத்துக்கும் வர முடியாத கடை, அதனால்தான் நீயே பாத்து வாங்கிட்டு வா என்று அனுப்பினார். மினி பஸ் ஓட்டிய மனுஷன். ஓட்டும்போது ஒன்றும் ஆகவில்லை, ஒரு கீறல் கிடையாது, பஸ்ஸின் மேலே ஏறித் தக்காளிப் பெட்டிக்குக் கயிறு கட்டும்போது கால் வழுக்கி விழுந்தார், இரண்டாயிரத்து ஐந்து சித்திரையில், இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. ஸ்டியரிங் என்னைக்குமே என்னைய ஏமாத்துனதில்ல என்று இன்றைக்கும் சொல்வார், அதில் அவருக்கு ஒரு பெருமை. இப்போது வீட்டில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கிறார், வேலை இல்லாத நேரம் அதே கம்ப்யூட்டரில் கார் ரேஸ், நாலு அம்புக்குறி பட்டனை வைத்துக்கொண்டு, மேல்நோக்கின அம்பு தேய்ந்து அழிந்தே போய்விட்டது. பட்டனை அமுக்குறதெல்லாம் ஓட்டுறதா என்று ஒருநாள் முணுமுணுத்தார், அப்புறம் அவராகவே இந்தக் கடைக்குப் போன் போட்டார், காலால் செய்வதைக் கைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். அவராகக் கேட்டது. மூன்று வருஷத்தில் இது ஒன்றுதான் அவராகக் கேட்டது. மற்றதெல்லாம் இவள் வாங்கிப் போட்டது, நாலு கால் வாக்கர், முதுகு பெல்ட், எண்ணெய்ப் பாட்டில்கள், ஒரு ரேடியோ, எல்லாம் கதவுக்குப் பின்னால் நிற்கின்றன, ஒன்றையும் குறை சொன்னதில்லை, நல்லாருக்கு என்பார், அத்தோடு தொடமாட்டார். அந்த வீட்டில் நல்லாருக்கு என்றால் வேண்டாம் என்று அர்த்தம். இதற்கும் அவர் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டால்... அதை நினைக்கவே இவளுக்குப் பயமாக இருந்தது.

வாங்கக்கா, சார் வீட்டிலேர்ந்துதான, பன்னண்டு மணிக்குக் கரண்டு போயிரும், அதுக்குள்ள பாத்துருங்க என்றான் கடைக்காரப் பையன் பாரூக், முழுப்பெயர் முகமது பாரூக் என்று சுவரில் ஒட்டிய சான்றிதழில் இருந்தது, ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தது. மேஜையில் இரண்டு ஸ்டியரிங். ஒன்று பளபளவென்று சிவப்பும் கறுப்புமாக, பின்பக்கம் இரண்டு விரலுக்கு இரண்டு பட்டன், வலது வேகம் கூட்டுகிற ரேஸ், இடது பிரேக், கால் வேலையே கிடையாது, பெட்டியைப் பிரித்து மாட்டினால் ஓடும். இன்னொன்று பழசு, வெளிநாட்டிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட், பிடிக்கிற இடத்தில் ரப்பர் தேய்ந்திருந்தது, ஆனால் உள்ளே மோட்டார் இருக்கிறதாம், ரோடு எப்படி இழுக்கிறதோ அப்படிக் கையைத் திருப்பி இழுக்குமாம், ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று ஒரு பெயர் சொன்னான். அதோடு வந்த கால் மிதிகளைக் கழற்றிப் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் அவன் மாமா சௌகத் அலியிடம் கொடுத்து ஓர் இரும்புத் தகட்டில் ஒரே லீவராக மாற்றி வைத்திருந்தான், இடது கையால் தன் பக்கம் இழுத்தால் ரேஸ், முன்னால் தள்ளினால் பிரேக், வலது கைக்கு ஸ்டியரிங், அதில் பிடித்துச் சுற்ற ஒரு குமிழ். ஒண்ணு முன்னாடியே சொல்லிர்றேங்க்கா, வித்தா திரும்ப எடுக்க மாட்டேன், இந்தப் பழசை பிரவுசிங் சென்டர்க்காரரும் கேட்டுருக்காரு, சாயங்காலம் வருவாரு. சார் வரலையா என்று கேட்டவன், தானே வாசல் படியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினான். நல்ல பையன்.

பளபளப்பானதை முதலில் பிடித்தாள். பிடித்ததும் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை ஓடியது. திருப்பிவிட்டுக் கையை எடுத்தாள், வந்தது, உள்ளே ரப்பர் மாதிரி எதுவோ சுண்டி இழுத்தது, பஸ் ஸ்டியரிங் அப்படியா வரும்... அந்த மினி பஸ்ஸில் என்ஜினுக்குப் பக்கத்துப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்து எத்தனை நாள் மில்லுக்குப் போயிருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம், பின்னால் ஏழு வருஷம், கண்ணில் பட்டது பூராவும் அந்தக் கைதான், வளைவு முடியும்போது அவர் விரலைத் தளர்த்துவார், ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானே திரும்பி வரும், அவசரமே இருக்காது. இது பொம்மை. ரோட்டை விட்டு மண்ணில் இறங்கினாலும் கையில் ஒன்றும் இல்லை, திரையில் மட்டும் புழுதி. பட்டனை அமுக்கினால் நின்றது, செவுரு. ஆனாலும் சுலபம், நோய் நொடி இல்லாத சாமான், புதுசு, பெட்டியோடு, இன்னொருத்தர் கை படாதது... சுலபமானதை வாங்கித்தானே கதவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறாய் அறிவு என்று தனக்குத்தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு எழுந்தாள்.

பழசுக்கு பிளக்கைப் போட்டதும் யாரும் தொடாமலே இடது கோடிக்குத் திரும்பி, வலது கோடிக்குத் திரும்பி, நடுவில் வந்து நின்றது. ஆத்தாடி என்று கையை இழுத்துக்கொண்டாள், பாரூக் சிரித்தான், அது தன்னைத்தானே சரி பாத்துக்கிருதுக்கா, புடிங்க. பிடித்தாள். லீவரை இழுத்ததும் கார் கிளம்பியது, முதல் வளைவில் சுவர், இரண்டாவது தடவை மரம், மூன்றாவது தடவை எதிரே வந்த லாரி, மன்னிச்சுருங்கண்ணே என்று லாரிக்குச் சொல்லிவிட்டுக் கூச்சமாகப் பாரூக்கைப் பார்த்தாள், அவன் காதில் விழாத மாதிரி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இடிக்கும் கை மணிக்கட்டுவரை அதிர்ந்தது, சாமான் நிஜமாகவே இழுக்கிறது, அது சரி, ஆனால் பிரேக்குக்கு லீவரை முன்னால் தள்ளும்போது தோள் கழன்று முன்னால் போக வேண்டியிருந்தது, எட்டவில்லை, எட்டாததால்தான் இடிக்கிறது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்சம் உள்ள தள்ளி வைக்க முடியுமா தம்பி. முடியும்க்கா, ஒரே ஒரு போல்ட்டுதான, எம்புட்டு உள்ள? இம்புட்டு என்று கையை வைத்துக் காட்டினாள். சாக்பீஸால் குறித்துக்கொண்டு மாடியின் பின்பக்கம் போய்த் துளைபோடும் மெஷினை ஓட்டினான், இரும்புத்தூள் வாசனை கடை முழுக்க வந்தது, ஐந்து நிமிஷத்தில் லீவர் புதுத் துளைக்கு வந்துவிட்டது.

இப்போது ஒன்று. வளைவில் திருப்பிக் கையைத் தளர்த்தினாள்... வந்தது, உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு, கனமாக, அவசரமில்லாமல், அதேதான், அந்தக் கையில் பார்த்ததேதான், இவர் இதைத் தொடுவார், இதற்கு நல்லாருக்கு என்று சொல்லமாட்டார். இரண்டு. வேண்டுமென்றே ஓரத்தில் இறக்கினாள், கரகரவென்று கை முழுக்கச் சரளை. மூன்று. தள்ளினாள், இன்னும் தள்ளினாள், ஏறிக்கொண்டே போய் நின்றது. மூன்றும் சரி, வேலை முடிந்தது, எழுந்திருக்க வேண்டியதுதான். லீவரை இழுத்தாள். மில்லில் நூல் அறுந்தால் நூல் சுற்றுகிற கதிர் ஓட ஓடவே விரலில் பிடித்து ஒட்டவேண்டும், பார்த்துக்கொண்டு நின்றால் நூல் போய்விடும், விரலுக்குத் தெரிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், அது மாதிரிதான் இதுவும் என்று இரண்டாவது வளைவில் பிடிபட்டது, ஸ்டியரிங் லேசாகிறது என்றால் கார் வழுக்கப் போகிறது, திரையில் தெரிவதற்கு முன்னாலேயே, அப்போது இழுக்கிற கையைத் தளர்த்தினால் போதும், தளர்த்தினாள், கார் வளைவோடு வளைந்து போனது, மரம் தள்ளிப் போனது, லாரிக்கு வழிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் பஸ் சும்மா நின்றபோது செத்த நேரம் டிரைவர் சீட்டில் உட்காரவா என்று கேட்டாள், கல்யாணமான புதிதில், ஒனக்கெதுக்கு இது, ஒக்காந்து வந்தாப் பத்தாதா என்று சிரித்தார், இவளும் சிரித்தாள், அவர் டீ வாங்கப் போன நேரம் ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் வைத்தாள், வெயிலில் ஸ்டியரிங் சுட்டது, எடுக்க மனசு வரவில்லை, அவர் வந்து ஹாரனை அடிச்சுறாத, மொதலாளி வந்துருவாரு என்றார், இறங்கிவிட்டாள். எத்தனை வருஷம் ஆகிறது, இத்தனை நாள் எங்கே கிடந்தது இந்த ஞாபகம், மறந்துபோனதாகவே நினைத்திருந்தாளே, உள்ளங்கை மறக்கவில்லை போல... நாலாவது சுற்று, ஐந்தாவது சுற்று, இதெல்லாம் எந்தக் கணக்கில், அவர் சொன்ன மூன்றில் இது எதில் வரும்?

கரண்டு போனது. மின்விசிறி ஓய்ந்தது, திரை கறுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கைக்குள் இருந்த ஸ்டியரிங் செத்துப் போனது, அந்த நொடிவரை எதிர்த்து நின்றது ஒன்றுமில்லாமல் தளர்ந்து இவள் திருப்பின பக்கமெல்லாம் திரும்பியது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் ஆனந்த்ராஜ் சொன்னார், கீழ எதுவுமே இல்லாத மாதிரி இருக்கு அறிவு என்று, இவள் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சரியாயிரும் என்றாள், என்ன சொல்கிறார் என்று அன்று புரியவில்லை, இன்றைக்கும் முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனாலும் கொஞ்சம் புரிந்தது. இதுதான் தம்பி, பழசையே எடுத்துக்கிறேன். நல்லதுக்கா, ரெண்டு மணிக்குத்தேன் கரண்டு வரும், ஜன்னல் வெளிச்சத்துல கட்டிருவோம் என்று அவன் அட்டைப் பெட்டியைத் தேட, இவள் சுருக்குப் பையைத் திறந்தாள், விரலில் நூல் தட்டுப்பட்டது. ஐயோ, நூல்! மில் நூல், காலையில் அவரை மேஜை முன் உட்காரவைத்துத் தோளிலிருந்து முஷ்டிவரை அளந்து முடிச்சுப் போட்டது, சட்டையா தைக்கப் போற என்று கிண்டல்கூடச் செய்தார், அளவு பார்க்கத்தானே கொண்டுவந்தாள், பார்க்கவே இல்லையே. ஒரு நுனியைத் தோளில் வைத்து லீவர்வரை இழுத்துப் பிடித்தாள். முடிச்சு லீவரைத் தாண்டிப் போய் நின்றது. நாலு விரல் தாண்டி. கீழே பார்த்தாள், முடிச்சு சரியாகப் பழைய துளைக்கு மேலே தொங்கியது, ஆனந்த்ராஜ் போனில் சொன்ன அளவைப் பட்டறைக்காரர் நூல் பிசகாமல் போட்டிருக்கிறார், அவர் கைக்கு முதலிலேயே எட்டியிருக்கிறது, எட்டாதது இவளுக்குத்தான்.

சுருக்கென்றது. அவருக்குப் பார்க்க வந்துவிட்டு என்ன காரியம் செய்திருக்கிறாய், அவராகக் கேட்ட ஒரே சாமானில் உன் கைக்குத் துளை போட்டு வைத்திருக்கிறாய், அவருக்குத் தெரியாமல் அவர் தட்டிலிருந்து அள்ளித் தின்ற மாதிரி... வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதற்கு உடனே பெயர் சொல்ல வரவில்லை, தப்பு செய்தவளுக்கு உள்ளங்கை இப்படியா குறுகுறுக்கும்? பாரூக் ஸ்பேனரோடு வந்து நின்றான். இவள் கையில் நூலைப் பார்த்தான், தகட்டைப் பார்த்தான், பூட்டுக்காரக் குடும்பம் அல்லவா, அளவு அவனுக்குச் சொல்லித்தரவா வேண்டும். எந்தத் துளையில முடுக்கித் தரட்டும்க்கா, பழசுலயா புதுசுலயா? புதுசை வேணும்னா அடைச்சுர்றேன், வெளிய தெரியாது. தெரியாது என்பது நல்ல வார்த்தைதான். அவருக்கு எது வேண்டும் என்று யார் கேட்டாலும் மூன்று வருஷமாக யோசிக்காமல் பதில் சொல்லி வந்தவள், டாக்டரிடம், மெடிக்கலில், சொந்தக்காரர்களிடம், இப்போது இரண்டு துளையிலும் மாறி மாறி விரலை வைத்துப் பார்த்தாள். அடைக்க வேணாம் தம்பி, ரெண்டும் இருக்கட்டும். அப்ப போல்ட்டு? கையில குடுங்க.

பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள், போல்ட்டும் நட்டும் முந்தானை முடிச்சில் கனத்தன. வீட்டுக்குள் நுழைந்ததும் எப்படி இருந்துச்சு என்று கேட்பார், முதல் கேள்வியே அதுதான், ஒன்று இரண்டு மூன்று சொல்லலாம், வளைவில் தானா வருதுங்க, ரோடு கையில தெரியுது, பிரேக்கு ஏறுது, அப்புறம்? நல்லாருக்கு என்று மட்டும் சொல்லக்கூடாது, அந்த வார்த்தை அந்த வீட்டில் கெட்டுப்போய்விட்டது. ரெண்டாவது துளை எதுக்கு என்று கேட்டால்... நானும் ஓட்டுனேங்க. அது கொஞ்சம் கூசியது. லாரிக்கு வழிவிட்டேங்க. சிரிப்பாரா, ஷெட்டில் சிரித்த மாதிரியா, வேறு மாதிரியா. உதடு அசையச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள், நானும் ஓட்டுனேன், நானும் ஓட்டுனேன், ரோட்டு வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் நின்று திரும்பி மேலே பார்த்தாள், இறங்கும்போது படியை எண்ணவே இல்லை.