கஸ்பெக் அறுத்த தலை

நான் நாவலை வரிசையாக எழுதுகிறவள் இல்லை. எந்த இடம் நெஞ்சைக் குத்துகிறதோ அதை முதலில் எழுதுவேன். கோர்ப்பது கடைசி வேலை. என் நாயகன் கஸ்பெக்கின் கல்யாணத்தை எழுதிவிட்டுத்தான் அவன் அந்தப் பெண்ணை முதலில் பார்த்த இடத்துக்கே போனேன். அவன் அப்பா சாகிற அத்தியாயம் மட்டும் வரவே இல்லை. என் அப்பா இறந்த வருடம் அது. அந்த இடத்தைத் தாண்டித் தாண்டி மற்றதையெல்லாம் முடித்தேன்.

அப்படியே அந்தத் தாள்கட்டை, கசாக்ஸ்தானின் அல்மாட்டி நகரில் பதிப்பாசிரியராக இருந்த எர்முரத்திடம் படிக்கக் கொடுத்தேன். அத்தியாயங்களுக்கு எண்கூடப் போடவில்லை. குளிர்காலம் முழுக்க வைத்திருந்துவிட்டு, தலையும் இல்லை வாலும் இல்லை என்று திருப்பித் தந்தான். பனி உருகியபோது அதே நாவல் அவன் பெயரில் கடைக்கு வந்தது. கஸ்பெக்கின் பெயரைக்கூட மாற்றவில்லை, அவ்வளவு திமிர்.

வழக்குப் போடு என்றார்கள் தோழிகள். ஒரு பிரதி வாங்கிப் படித்தேன். பாதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

களவாணி, அத்தியாயங்களைப் பருவம் பார்த்து அடுக்கியிருந்தான். எல்லாம் ஒரே வருடத்துக் கதை என்று நினைத்துவிட்டான். பனிக்கால விருந்தில் கஸ்பெக் வேகவைத்த ஆட்டுத் தலையை முனை ஒடிந்த கத்தியால் அறுத்துப் பங்கு வைக்கிறான். அதற்கடுத்த கோடையில் அவன் அப்பா குதிரைமேல் வந்து இறங்குகிறார். அப்பா உயிரோடிருக்கையில் எந்தக் கசாக் மகன் அந்தத் தலையில் கத்தி வைப்பான்? அப்பா இல்லை என்பது மகனுக்கு உறைக்க வேண்டும் என்றுதான் அந்த விருந்தையே நான் எழுதினேன்.

வெளியீட்டு விருந்துக்கு அழைக்காமலே போனேன். நியாயம் கேட்க இல்லை, பழிவாங்க. வந்து உட்கார்ந்தவளை எங்கள் ஆட்கள் எழுப்பி அனுப்ப மாட்டார்கள். விருந்தில் முக்கியமானவர் முன்தான் ஆட்டுத் தலையை வைப்பார்கள், அன்று அது எழுத்தாளனுக்கு வரும் என்பதும் தெரியும்.

வந்தது. எர்முரத் அந்தத் தட்டைப் பவ்யமாகத் தன் அப்பா துலேகென் பக்கம் நகர்த்தினான்.

"ஏண்ணே, நீங்களே அறுக்கலாமே?" என்றேன்.

"அப்பா இருக்கறப்ப நான் எப்படிம்மா?"

"உங்க கஸ்பெக் அறுத்தானே. அவங்கப்பா அதுக்கப்புறம்தானே குதிரையில வர்றாரு. எப்பண்ணே செத்தாரு?"

கிழவரும் புத்தகத்தைப் படித்திருந்தார். அந்த இடம் அவரையும் உறுத்தியிருப்பது முகத்தில் தெரிந்தது. மகனைத் திரும்பிப் பார்த்தார். காலத்தைக் கலைத்துப் போடுவது புது உத்தி என்று எர்முரத் ஏதோ முழங்கினான்.

"கலைச்சதெல்லாம் சரிடா. செத்தது எங்க?" என்றார் கிழவர்.

நான் பையிலிருந்து தாள்களை எடுத்தேன். துக்கத்தில் வராத அத்தியாயம் அவன்மேல் வந்த கோபத்தில் வந்திருந்தது. படித்தேன். இலையுதிர்கால முடிவில் அப்பா சாகிறார். அவருக்குக் குழி தோண்ட, உறைந்த மண்ணை அவருடைய கத்தியாலேயே கிளறுகிறான் கஸ்பெக், முனை ஒடிகிறது. அச்சான விருந்துக் காட்சியில் அவன் ஏன் முனை ஒடிந்த கத்தியால் அறுத்தான் என்று அங்கே இருந்தவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

துலேகென் தலை இருந்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பா இருக்காராம்மா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப இது உனக்குத்தான். அறு." மகன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கடையில இருக்கறதையெல்லாம் திரும்ப வாங்கு. இந்தப் பொண்ணு பேரைப் போட்டு, அவ சொல்ற வரிசையில அடி."

பெண் கைக்கு அந்தக் கத்தி வருவது வழக்கமில்லை. ஆனாலும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

முதலில் காதை அறுத்தேன். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கட்டும் என்று எங்களில் காதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அங்கே பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்காமல், நான் எழுந்து போய் எர்முரத் தட்டில் வைத்தேன். அவன் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் வாயில் போட்டுக்கொண்டான். அவன் மென்று விழுங்கும்வரை நான் அடுத்த துண்டை வெட்டவில்லை.