விளக்குத் திட்டின் பதினோரு பல்லிகள்

ஆகெடா தந்தை தாமியாவின் இடக்கன்னத்தை மழித்து முடித்துக் கத்தியை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தபோது, மூன்று நாட்களாக வாய் திறவாதிருந்த அவர் கண்விழித்தார்.

"பூனையைப் பத்தி உங்கிட்ட நான் சொன்னதே இல்லையே."

"எந்தப் பூனைப்பா? அசையாதீங்க, வெட்டிரும்."

"விளக்குத் திட்டுல இருந்துச்சே. சாம்பல் நிறம்."

நோயின் பிதற்றல் என்றே அவள் எண்ணினாள். எனினும் அவருடைய கண்கள் தெளிந்திருந்தன. வலக்கன்னத்தில் நுரை காயத் தொடங்கியிருந்தது. ஆகெடா கத்தியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தாள்.

அவர் கூறியவை அறுந்தறுந்து வந்தன. அவருடைய தந்தை விளக்குத் திட்டு என்னும் குட்டித் தீவில் கலங்கரை விளக்கக் காவலராக இருந்தவர். மெனோர்காத் தீவின் மாவோன் துறைமுகத்துக்கு மாற்றல் வந்தபோது, பூனையைச் சாக்கில் கட்டிக் கடலில் போட்டுவிடுமாறு மகனிடம் கூறினார். பன்னிரண்டு வயதுத் தாமியா சாக்கில் கல்லை மட்டும் வைத்துக் கட்டி, தந்தையின் கண்முன்னாலேயே கடலில் எறிந்தான். பூனை மழைநீர்த் தொட்டியின் பின்னால் ஒளிந்திருந்தது. அதன் பிறகு ஞாயிறுதோறும் படகு வலித்துச் சென்று அதற்கு மீன்தலைகள் போட்டான். வாரம் ஒருமுறை கிடைக்கும் மீன்தலை ஒரு பூனைக்குப் போதுமா என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

"ரெண்டு வருஷம் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து ரொட்டி திங்கறேன். தக்காளித் துண்டைக் கீழ போட்டேன். ஒண்ணும் வரல."

"பல்லியா?"

"எப்பவும் கால் மேலயே ஏறுமே. ஒண்ணுகூட வரல. திட்டு முழுக்கத் தேடினேன். பூனைதான் கொழுத்துக் கெடந்துச்சு."

சிறுவன் பூனையைத் திரும்ப எடுத்து வந்து துறைமுகத்தில் விட்டான். பின்னர் தெற்கே சீரகத் தீவுக்குச் சென்று, கண்ணாடிப் புட்டிக்குள் தக்காளியை வைத்துப் பதினோரு கறுப்புப் பல்லிகளைப் பிடித்தான். அவற்றை அத்திப்பழக் கூடையில் போட்டுத் துணியால் மூடிக் கொண்டுபோய் விளக்குத் திட்டில் விட்டான்.

ஆகெடா எட்டு ஆண்டுகளாக எழுதிவந்த ஆய்வேடு அந்தப் பல்லிகளைப் பற்றியதே. மெனோர்காவைச் சுற்றியுள்ள திட்டுகள் ஒவ்வொன்றிலும் பல்லிகளின் வால் நுனியை வெட்டிச் சாராயப் புட்டியில் இட்டு, ஆய்வகத்தில் அவற்றின் மரபணுக்களை வாசித்து, எது எதிலிருந்து எப்போது பிரிந்தது என்பதைக் கிளைப்படமாக வரைந்திருந்தாள். பிற திட்டுகளின் கிளைகள் பல்லாயிரம் ஆண்டுகள் நீண்டிருந்தன. விளக்குத் திட்டின் கிளை மட்டும் நேற்று முளைத்ததுபோல் சீரகத் தீவின் கிளையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்திட்டின் பல்லிகள் அனைத்தும் ஒரே தாயின் வழிவந்தவை. முட்டை சுமந்த ஒரு பெண்பல்லி, புயலில் அடித்துவரப்பட்ட மரக்கட்டையில், நீரோட்டத்தை எதிர்த்து அங்கே கரை சேர்ந்திருக்க வேண்டும் என்று அவள் நாற்பத்தொரு பக்கங்களில் நிறுவியிருந்தாள். பேராசிரியர் அந்த அத்தியாயத்தைத்தான் பெரிதும் புகழ்ந்தார். இன்னும் இருபது நாட்களில் வாய்மொழித் தேர்வு.

"எட்டு வருஷமா உங்க படகுலதானே போனேன். ஏம்ப்பா சொல்லல?"

"மரக்கட்டைக் கதையை நீ சொன்னப்போ, உம் மூஞ்சியைப் பார்க்கணுமே. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன்." சற்று மூச்சு வாங்கினார். "கூடையில எத்தனை பொட்டை இருந்துச்சோ. புடிக்கறப்போ எவன் பார்த்தான்?"

"ஒண்ணு."

"என்னது?"

"ஒண்ணே ஒண்ணுதான்ப்பா பொழைச்சு முட்டை போட்டிருக்கு. இப்போ இருக்கற எல்லாமே அதோட பிள்ளைங்கதான்."

அறுபது ஆண்டுகளாகக் கேட்க ஆளின்றி வைத்திருந்த கேள்விக்கு விடை கிடைத்தவரைப்போல் தாமியாவின் முகம் மெல்லத் தளர்ந்தது.

"ஒண்ணுதானா," என்றார். "கெட்டிக்காரி."

அதுவே அவர் பேசிய கடைசிச் சொல். ஆகெடா காய்ந்த நுரையைத் துடைத்து, புதிதாகத் தடவி, வலக்கன்னத்தையும் மழித்தாள். மறுநாள் பிற்பகலில் அவர் இறந்தார்.

அடக்க நாளன்று காலையில், தாமியாவோடு திட்டுகளின் பல்லிகளைக் காத்துவந்த கடலோரக் காப்பகத்தின் காவலர் மார்சால் இரங்கலுரைத் தாளுடன் வந்தார். தாமியாவின் தங்கை செஸ்கா சமையலறையில் அண்ணனின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கோயில்ல நான் பேசறப்போ உங்க ஆய்வேட்டுலேருந்து ரெண்டு வரி படிக்கலாம்னு இருக்கேன்," என்றார் மார்சால். "அந்த மரக்கட்டை வரி. கடல் கொண்டுவந்து சேர்த்ததைத் தாமியா காத்தாருன்னு முடிச்சா நல்லா இருக்கும்."

"அதைப் படிக்காதீங்க," என்றாள் ஆகெடா.

"ஏங்க?"

"அவளுக்கு அழுகை வந்துரும்," என்று செஸ்கா குறுக்கிட்டாள். "நீ படி தம்பி. மெதுவாப் படி, போன தடவை நீ பேசினது பாதிரியாருக்கே புரியல."

மார்சால் குழப்பத்துடன் இருவரையும் பார்த்தார். பின்னர் தாளை மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு விடைபெற்றார். கதவு சாத்தப்பட்டதும் செஸ்கா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"உங்கிட்ட சொல்லிட்டானா?"

"உங்களுக்குத் தெரியுமா அத்தே?"

"தெரியும். நீ என்ன செய்யப் போற?"

"அந்த அத்தியாயத்தை எடுக்கணும்."

"எடுத்தா?"

"தேர்வு தள்ளிப்போகும். ஒரு வருஷம் ஆகலாம்."

"அதைச் சொல்லல. ஏன் எடுத்தேன்னு எழுதணுமில்ல? பல்லியைக் காப்பாத்தினவன்னு ஊரே அவனைத் தூக்கிட்டுப் போக வருது. பன்னெண்டு வயசுப் பையன் செஞ்சதுக்கு, பெட்டியில படுத்திருக்கறவனைக் கூண்டுல ஏத்தப் போறியா?"

"பொய்யை எழுதி வச்சிருக்கேன் அத்தே."

"தெரியாமத்தானே எழுதின?"

"இப்போ தெரியுமே."

செஸ்கா சட்டையின் கைப்பகுதியை மறுபுறம் திருப்பினாள். அது ஏற்கெனவே மடிப்பின்றி இருந்தது. இருந்தும் மீண்டும் தேய்த்தாள்.

"எட்டு வருஷம் வாலை வாலா வெட்டினே. முதல்லயே அவனை உக்கார வச்சுக் கேட்டிருந்தா, பாவம், அதுங்களுக்காவது வால் மிஞ்சியிருக்கும்."

ஆகெடாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் அது வேறொன்றாக மாறியது. அவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். செஸ்கா அருகில் வரவில்லை. தேய்ப்புப் பெட்டியின் மின்இணைப்பை மட்டும் பிடுங்கினாள்.

சிறிது நேரம் கழித்து ஆகெடா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். நாற்பத்தொரு பக்கங்களையும் தெரிவு செய்து நீக்கினாள். அவற்றின் இடத்தில் ஒரு பத்தி போதுமானதாக இருந்தது. பூனையைப் பற்றியும், புட்டியையும் தக்காளியையும் பற்றியும், அத்திப்பழக் கூடையைப் பற்றியும் எழுதினாள். எந்த நூலிலும் இல்லாத செய்தியை ஒருவர் வாயால் கேட்டறிந்தால், வாக்கியத்தின் முடிவில் பிறை அடைப்புக்குள் அவருடைய பெயரையும், நேரில் கூறியது என்ற குறிப்பையும், கேட்ட நாளையும் இடுவது ஆய்வாளர் வழக்கம். அவள் தந்தையின் முழுப் பெயரைத் தட்டச்சு செய்தாள்.

செஸ்கா பின்னால் வந்து நின்றதை அவள் உணர்ந்தாள். மூக்குக்கண்ணாடி கூட்டைவிட்டு எடுக்கப்படும் ஒலி கேட்டது.

"எம் பேரையும் போடு."

ஆகெடா திரும்பிப் பார்த்தாள்.

"அவன் துடுப்புப் போட்டான். கூடையை மடியில வச்சுக்கிட்டது யாரு? ஒம்போது வயசு எனக்கு. துணிக்குள்ள அதுங்க ஓடறது தொடையில குறுகுறுன்னு இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கினான் படுபாவி." அவள் மூக்கை உறிஞ்சினாள். "போடு. பின்ன, அவன் மட்டும் தனியா நிப்பானா?"

ஆகெடா தந்தையின் பெயருக்குப் பின் அத்தையின் பெயரையும் சேர்த்தாள். செஸ்கா குனிந்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று திரையில் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவந்தாள். தேதி இருந்த இடத்தில் விரல் நின்றது.

"இது இன்னிக்கா?"

"இல்ல அத்தே. செவ்வாய்க்கிழமை. முந்தாநாள்."

"முந்தாநாள் இருந்தானே," என்றாள் செஸ்கா.

"ஆமா."

வாசலில் கார்கள் வந்து நிற்கும் ஓசை கேட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். செஸ்கா அந்தத் தேதியின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை.